பின்னால் வெட்டிய மூன்றெழுத்து

ஆப்பியா சாலைக்குக் கீழே
நாற்பத்தொரு படி இறங்கினால் எங்கள் ஊர்.
மேலே உரோமை தூங்கும்போது
கீழே நாங்கள் விழித்திருந்து
தூங்குகிறவர்களுக்கு அறை வெட்டுகிறோம்.

இந்த மண்ணைப் பற்றி ஒன்று:
வெட்டும்போது வெண்ணெய்,
காற்றுப் பட்டால் கல்.
நான் அதற்கு நேரெதிர்.

ஆயர் அடிக்கடி இறங்கி வருவார்,
உப்புமீனும் ஆலிவ் காயும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு.
ஒரு காலத்தில் சுரங்கத்து அடிமை என்றார்கள்.
கணுக்காலில் சங்கிலி தின்ற இடத்தில்
மயிர் முளைக்கவே இல்லை.
கூடையைத் தூக்கிப் பார்த்து,
"சோசிமு, இவ்வளவையும் ஒரே நடையில் ஏற்றாதே.
முதுகு உன்னுடையது, சபையுடையது அல்ல" என்பார்.
இலத்தீனில் தடுக்கி விழுவார்.
கோபம் வந்தால் கிரேக்கம், அருவி மாதிரி.
எண்ணெய்க் கணக்கில் ஒரு காசு உதைத்தால்
எங்களையும் தூங்கவிடமாட்டார்.
புனிதர் என்றால்
நீங்கள் வேறு யாரையோ நினைத்திருப்பீர்கள்.

ஆணை வந்த வருடம்
வரிசையில் நின்றேன்.
முன்னால் ஒரு கொல்லன், பின்னால் சலவைக்காரி.
இரண்டு விரலால் ஒரு சிட்டிகை சாம்பிராணி.
தணலில் விழுந்தபோது சத்தம்கூட இல்லை.
சீட்டு கொடுத்தார்கள்:
தேவர்களுக்குப் பலியிட்டான், கண்ணால் கண்ட சாட்சி.
கீழே இரண்டு கையொப்பம்.
உர்பிக்கா அதை மாவுப் பானைக்குள் ஒளித்தாள்.
அந்த மாதம் முழுக்க ரொட்டியில் புகை வாடை.
எனக்கு மட்டும்.

திரும்பி வந்தபோது
உள்ளே விடாதே என்றார்கள்
சிறையில் பல்லை இழந்துவிட்டு வந்தவர்கள்.
சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது.
ஆயர் வெகுநேரம் என் கையையே பார்த்தார்.
"இந்த விரல்தானே?"
"ஆமாம்."
"இரண்டு பாஸ்கா கழியும்வரை வாசலில் நில்.
உளி உன்னிடமே இருக்கட்டும்.
வேலை நிற்கக் கூடாது."
மன்னிப்பு என்ற சொல்லை
அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

முதல் பாஸ்கா போனது.
இரண்டாவதற்கு முன்பே
அவரைக் கொண்டுபோனார்கள்.

உடல் இரவில் வந்தது,
முள்ளங்கி ஏற்றிய வண்டியில், கோணியடியில்.
கல்லைத் தரையில் கிடத்தி
அவர் பெயரை வெட்டினேன், பக்கத்தில் 'ஆயர்'.
ஆழமாக, நூல் பிடித்தாற்போல.
அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள்.
அடுத்த சொல்லைச் சபை யோசித்துச் சொல்லும்.
கல்லை நிறுத்தினோம். சுண்ணாம்பு காய்ந்தது.
கணக்குப் பார்க்கிறவர் போய்விட்டார்.
என் பேரில் ஒரு பாஸ்கா பாக்கி.

ஒன்பது வருடம் யோசித்தது சபை.
பிறகு ஓர் ஆள் வந்தான்:
"மறைசாட்சி என்று சேர்த்துவிடு."

இடமில்லை.
மூன்று எழுத்தாகச் சுருக்கி
ஒன்றின் தோளில் ஒன்றை ஏற்றினேன்.
சோசிமுவின் மகன் விளக்கைப் பிடித்தான்.
கிடந்த கல்லில் வெட்டுவது வேறு,
நிற்கிற கல்லில் வெட்டுவது வேறு என்று
அவனிடம் சொன்னேன்.
பொய்யில்லை. ஆனால் உளி நடுங்கியது அதனால் அல்ல.

சாட்சி.
என் சீட்டிலும் அந்தச் சொல்தான் இருந்தது.
அவர் சாட்சியாக இருந்தார்.
எனக்குச் சாட்சி இருந்தார்கள்.

எப்போதாவது யாராவது விளக்கோடு இறங்கி வரலாம்.
விரலால் தடவி,
இந்த மூன்றும் ஆழம் போதாது,
பிற்காலத்தில் வேறொருவன் கை என்று சொல்லலாம்.
கை இதே கைதான் ஐயா.
வேறொருவன் என்பதை வேண்டுமானால்
ஒப்புக்கொள்கிறேன்.

மேலே ஏறியபோது விடிந்திருந்தது.
உர்பிக்கா தண்ணீர் ஊற்ற, கை கழுவினேன்.
தூசி போனது.
கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்
இன்னும் ஒட்டியே இருந்தன,
எதையோ கிள்ளி எடுத்தாற்போல.